ஈலிங் ரோட்டில் தாலி, பிரிக் லேனில் கறி

லண்டனில் ஒரே வாரத்தில் இரண்டு உணவகங்களில் சாப்பிட்டுவிட்டு எழுதும் மதிப்புரை இது. ஒன்று, வெம்பிளியிலிருந்து ஆல்பர்ட்டன் நோக்கிச் செல்லும் ஈலிங் ரோட்டில் உள்ள குஜராத்திச் சைவ உணவகம். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குடும்பம் நடத்துகிறது. மற்றொன்று, கிழக்கு லண்டனின் பிரிக் லேனில் 'இந்திய உணவகம்' என்று பலகை மாட்டியிருக்கும் கடை. வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியைச் சேர்ந்தவர்கள் நடத்துகிறார்கள். இரு கடைகளின் உரிமையாளர்களும் தம் குடும்பக் கதையையும் வரவு செலவையும் என்னிடம் மனம்விட்டுப் பேசியதால் கடைப் பெயர்களை எழுதாமல் விடுகிறேன். அந்தத் தெருக்களை அறிந்தவர்களுக்குப் பெயர் தேவையும் இராது.

முதலில் ஈலிங் ரோடு. சனிக்கிழமை மதியம் பன்னிரண்டரை மணிக்குப் போய் இருபது நிமிடம் வாசலில் நிற்க நேர்ந்தது, ஏனெனில் இங்கே மேசையை முன்பதிவு செய்யும் வழக்கம் இல்லை. தாலி எனப்படும் தட்டுச் சாப்பாடாக, எவர்சில்வர் தட்டில் ரொட்லி, பாசிப்பயறு, உருளைக்கிழங்குக் கறி, பருப்பு, கடி, சோறு, ஒரு துண்டு டோக்ளா (ஆவியில் வெந்த கடலைமாவுப் பலகாரம்), ஸ்ரீகண்ட் (இனிப்பூட்டிய கெட்டித் தயிர்) ஆகியவையும் தனியே ஒரு தம்ளர் மோரும் வந்தன. ரொட்லியை அடுக்கி வைத்துத் தருவதில்லை. ஒன்று தீர்ந்தபின் அடுத்தது நெய் தடவிச் சூடாக வருகிறது, நம் வீட்டுச் சப்பாத்தியில் பாதிக் கனம்கூட அதற்கு இல்லை. கடியை நம் மோர்க்குழம்பின் உறவுக்காரர் என்று சொல்லலாம். ஆனால் அதில் சர்க்கரையும் பருப்பில் வெல்லமும் சேர்ப்பதால் முதல் வாய்க்கு நாக்கு சற்றுத் திகைக்கும். மூன்றாவது கரண்டிக்குள் எனக்குப் பழகிவிட்டது. உடன் வந்த நண்பருக்குக் கடைசிவரை பழகவில்லை.

இந்தக் கடைக்குப் போக வேண்டியதன் உண்மையான காரணம் தாலி அன்று, மோகோ. மரவள்ளிக் கிழங்குதான், சுவாஹிலி மொழியின் முஹோகோ என்ற சொல் குஜராத்தியர் வாயில் மோகோ ஆகியிருக்கிறது. நீளநீளமாக நறுக்கி, வேகவைத்து, பொரித்து, மிளகாயும் பூண்டும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் புரட்டித் தருகிறார்கள். வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மாவுத்தன்மையுமாக இருந்த அந்த ஒரு தட்டுக்காக மட்டும் இன்னொரு முறை போவேன். அகமதாபாத்திலிருந்து நேரே லண்டன் வந்த குடும்பம் இதைப் பட்டியலில் முதலிடத்தில் வைத்திருக்காது. இது மொம்பாசாவிலும் கம்பாலாவிலும் இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களின் சாப்பாடு.

கடையில் அமர்ந்திருந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாட்டி, மகள், பேரன் என்று பல மேசைகளில் குடும்பம் குடும்பமாகக் குஜராத்தியர்; இரண்டு மேசைகளில் தமிழ், ஏனென்றால் ஆல்பர்ட்டனில் ஈழத் தமிழர் நிறைய; ஈழபதீஸ்வரர் ஆலயமும் இதே சாலைக்கு அருகில்தான் இருக்கிறது. வெள்ளையர் ஒரே ஒரு மேசையில் இருந்தனர். சர்க்கரையின் அளவோ, காரத்தின் அளவோ, பண்டங்களின் பெயரோ வேறு யாருடைய வசதிக்காகவும் மாற்றப்படவில்லை. பரிமாறுபவர் எதையும் விளக்கிச் சொல்ல மெனக்கெடுவதுமில்லை. அதைச் சேவைக் குறைபாடு என்று சிலர் எழுதலாம். எனக்கு அது தன் வீட்டில் இருப்பவரின் அலட்சியமாகத் தோன்றியது.

உரிமையாளருக்கு 1972ல் ஒன்பது வயது. தந்தைக்குக் கம்பாலாவில் துணிக்கடை. 1896க்கும் 1901க்கும் இடையே மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிவரை ஆங்கிலேயர் ரயில் பாதை போட்டபோது இந்தியாவிலிருந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோனார்கள் என்பதும், அவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபியர் என்பதும், ஒப்பந்தம் முடிந்ததும் பலர் திரும்பிவிட்டார்கள் என்பதும் பலரும் அறிந்தவை. இவருடைய மூதாதையர் அந்தக் கூலிகளோடு போனவர்கள் அல்லர். பாதை போன வழியே உள்நாட்டுக்குள் கடை வைக்கப் போன வணிகர்கள். வெள்ளையர் மேலே, ஆப்பிரிக்கர் கீழே, இந்தியர் நடுவே என்ற காலனி ஆட்சியின் அடுக்கில் அந்த நடு இடத்துக்குரிய சலுகைகள் அவர்களுக்குக் கிடைத்தன. அந்த இடத்துக்குரிய பகையும் கூடவே சேர்ந்தது. 1972 ஆகஸ்டில் இடி அமீன் ஆசியர்களுக்கு 90 நாள் கெடு விதித்தார். சுமார் 28,000 பேர் பிரிட்டன் வந்தார்கள். ஐம்பது பவுண்டு அளவே பணம் எடுத்துவர விட்டார்கள். லெஸ்டர் நகர நிர்வாகம், எங்கள் ஊருக்கு வராதீர்கள் என்ற பொருளில் 'உகாண்டா ஆர்கஸ்' நாளிதழில் விளம்பரமே கொடுத்தது. இன்று அதே லெஸ்டரின் பெல்கிரேவ் ரோட்டை, அங்குள்ள நகைக்கடைகளையும் துணிக்கடைகளையும் காட்டி, 'தங்க மைல்' என்று அழைக்கிறார்கள்.

வெறுங்கையோடு வந்து உழைப்பால் உயர்ந்தார்கள் என்பது இந்தச் சமூகத்தைப் பற்றி பிரிட்டிஷ் அரசியல்வாதிகள் விரும்பிச் சொல்லும் கதை. கை வெறுமையாக இருந்தது உண்மைதான். ஆனால் பேரேடு எழுதத் தெரிந்த கை அது. ஆங்கிலவழிப் பள்ளிப் படிப்பு, மொத்த வியாபாரியிடம் கடன் பேசும் பழக்கம், நகர வாழ்க்கை, கணவனும் மனைவியும் பிள்ளைகளும் ஒரே விமானத்தில் ஒன்றாக வந்து இறங்கியது ஆகிய எதையும் எந்தப் படைவீரனாலும் விமான நிலையத்தில் பறிமுதல் செய்ய முடியவில்லை. மறுபக்கம், வந்தவர்கள் எல்லோரும் உடனே கடைக்காரர் ஆகிவிடவுமில்லை. இந்த உணவகத்திலிருந்து சில மைல் தொலைவில், வில்ஸ்டனில் இருந்த கிரன்விக் புகைப்பட ஆய்வகத்தில் 1976 ஆகஸ்டில் ஜெயாபென் தேசாய் வெளிநடப்புச் செய்ததைத் தொடர்ந்து, பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கக் குஜராத்திப் பெண்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டு வேலைநிறுத்தம் செய்து 1978ல் தோற்றார்கள். நம் உரிமையாளரின் தாயும் அந்நாளில் ஒரு தொழிற்சாலையில் பொட்டலம் கட்டியவர். கடைக்கான முதல் பணம் அந்தக் கூலியில் சேர்ந்தது என்று அவர் சொன்னபோது, கல்லாவுக்கு மேலே தொங்கிய தந்தையின் படத்தைத்தான் காட்டினார். தாயின் படம் அங்கே இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை பிரிக் லேன். சென்ற கால் நூற்றாண்டில் இங்கே கறிக் கடைகள் பாதிக்கும் குறைவாகிவிட்டன என்று பேசிக்கொள்கிறார்கள். காப்பிக் கடைகளும் பழைய துணி விற்கும் நாகரிகக் கடைகளும் அந்த இடங்களில் வந்திருப்பதைக் கண்ணாலேயே காணலாம். வாசலில் நிற்பவர் தள்ளுபடி சொல்லிக் கூவி அழைக்கிறார். உள்ளே மங்கிய வெளிச்சம், வெள்ளைத் துணி விரித்த மேசை, அப்பளத்தோடு நான்கு கிண்ணத் துவையல்கள். சேவை, ஈலிங் ரோட்டை விடப் பல மடங்கு நயமானது; பண்டம் ஒவ்வொன்றையும் பொறுமையாக விளக்கினார்கள், தண்ணீர் கேட்கும் முன்பே வந்தது.

சாப்பாட்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. கோர்மா, மெட்ராஸ், விண்டாலூ, ஃபால் என்று பட்டியல் காரத்தின் ஏறுவரிசையாக இருக்கிறது. வெங்காயத்தைப் பெரிய அண்டாவில் வேகவைத்து அரைத்த ஒரே குழம்புதான் இவை எல்லாவற்றுக்கும் அடி. ஆணை வந்ததும் அதில் இரண்டு கரண்டி எடுத்து, தனித்தனி மசாலா சேர்த்து, ஐந்து நிமிடத்தில் தனித்தனிப் பெயரோடு அனுப்புகிறார்கள். இது ஏமாற்று வேலை அன்று, மிகுந்த திறமை. ஆனால் நான் கேட்டு வாங்கிய 'மெட்ராஸ்' ஆட்டுக்கறியில் தக்காளியும் மிளகாய்த் தூளும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மெட்ராஸில் பிறந்தவன் என்ற முறையில் அதில் எங்கள் ஊருக்கு எந்தப் பங்கும் இல்லை என்று பதிவு செய்ய விரும்புகிறேன். டிக்கா மசாலா தித்தித்தது. நான் ரொட்டி மட்டும் அருமை.

தட்டில் பாதி மிச்சம் இருப்பதைக் கண்ட பரிமாறுபவர் காரணம் கேட்டார். நீங்கள் இன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். சிரித்துவிட்டு உள்ளே போனவர், சிறிய கிண்ணம் ஒன்றோடு வந்தார்: சாத்கோரா போட்டுச் சமைத்த மாட்டிறைச்சி. சாத்கோரா, சில்ஹெட்காரர்கள் உயிராக நினைக்கும் எலுமிச்சை இனத்துக் காய்; நாரத்தையின் பங்காளி என்று வைத்துக்கொள்ளலாம். அதன் தடித்த தோலைத் துண்டு போட்டு இறைச்சியோடு வேகவிடுகிறார்கள். முதலில் கசப்பு, பின்பு புளிப்பு, கடைசியில் மூக்கில் ஏறும் ஒரு மணம். அந்த இரண்டு உணவகங்களிலும் நான் உண்டவற்றில் ஆகச் சிறந்தது பட்டியலில் இல்லாத அந்தக் கிண்ணம்தான். சில நாட்களில் கருவாட்டுக் குழம்பும் உண்டாம். வாடை சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்துவிடக் கூடாதென்று கடை திறக்கும் முன்பே சமைத்து முடித்துவிடுவார்களாம்.

இரு கடைகளுக்கும் உள்ள வேறுபாட்டை எனக்கு அந்தக் கிண்ணம் சொல்லியது. ஈலிங் ரோட்டுக் கடை தன் மக்களுக்குச் சமைக்கிறது. பிரிக் லேன் கடை, மதுக்கடை மூடிய பிறகு வரும் அந்நியருக்குச் சமைத்துவிட்டு, தனக்கு வேண்டியதைச் சமையலறைக்குள் நின்றுகொண்டே உண்கிறது. சுவையில் உள்ள இந்த வேறுபாட்டுக்கு அவர்கள் எப்படி வந்தார்கள் என்பதில் காரணம் இருக்கிறது. சில்ஹெட்டின் கிராமங்களிலிருந்து பிரிட்டிஷ் கப்பல்களில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடப் போன லஸ்கர்கள் சிலர் லண்டனில் கரையேறித் தங்கினார்கள். அந்தத் தடம் பிடித்து 1950களிலும் 60களிலும் அவர்களுடைய ஊர்க்காரர்கள் வந்தார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் தனி ஆண்கள், விவசாயக் குடும்பத்தினர், ஆங்கிலப் பள்ளியைப் பார்க்காதவர்கள். நூற்பாலைகளிலும் உலோகத் தொழிற்சாலைகளிலும் இரவு முறையில் வேலை செய்து, சம்பளத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு, என்றைக்கோ திரும்பிவிடலாம் என்று இருந்தார்கள். 1970களில் அந்த ஆலைகள் மூடத் தொடங்கின. கையில் இருந்தது தையலும் சமையலும்தான். தன் சமூகம் குடும்பமாக இல்லாத ஊர்களில், பசித்த வெள்ளையருக்குப் பிடித்ததைச் சமைப்பதைத் தவிர வேறு என்ன செய்திருக்க முடியும்?

மனைவி மக்கள் பெரும்பாலும் வந்து சேர்ந்தது 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும், அதாவது வேலைகள் போய்விட்ட பிறகு. இடிந்த அடுக்ககங்கள், ஒரே அறையில் ஆறு பேர், தெருவில் இனவெறியரின் அடி. 1978 மே 4 அன்று அல்தாப் அலி என்ற இளம் தையல் தொழிலாளி வேலை முடித்து வீடு திரும்பும் வழியில் குத்திக் கொல்லப்பட்டார். பத்து நாட்களில் ஆயிரக்கணக்கானோர் அவர் சவப்பெட்டியின் பின்னே பிரதமர் இல்லம்வரை நடந்தார்கள். அந்த இடத்துப் பூங்காவுக்கு இன்று அவர் பெயர். உணவகத்திலிருந்து வெளியே வந்தால் ஃபோர்னியர் தெரு முனையில் ஒரு பள்ளிவாசல் நிற்கிறது: 1743ல் ஹியூகெனோக்கள் என்ற பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட் அகதிகள் கட்டிய தேவாலயம், பிறகு மெதடிஸ்டுகளுடையது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யூதர்களின் தொழுகைக் கூடம், 1976 முதல் ஜாமே மஸ்ஜித். சுவரில் பழைய சூரியக் கடிகாரமும் அதில் 'நாம் நிழல்' என்று பொருள்படும் லத்தீன் வரியும் அப்படியே இருக்கின்றன.

இனி, இந்த இரு சமூகங்களில் எது முன்னேறியது என்று எல்லோரும் கேட்கும் கணக்கு. 2021ன் குடிக்கணக்குப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தம்மை இந்தியர் என்று பதிந்தவர்கள் 18 லட்சத்து 64 ஆயிரம். வங்கதேசத்தவர் 6 லட்சத்து 45 ஆயிரம். 2016–18 காலத்து அரசுப் புள்ளிவிவரத்தில், இங்கிலாந்தின் இந்தியக் குடும்பங்களில் 74 விழுக்காடு சொந்த வீட்டில் வாழ்ந்தன. வெள்ளைப் பிரிட்டிஷாரில் 68, வங்கதேசத்தவரில் 46. வறுமையிலும் பெண்களின் வேலைவாய்ப்பிலும் வங்கதேசத்தவர் நீண்ட காலமாகப் பட்டியலின் அடியில் இருக்கிறார்கள். இந்தக் கணக்கில் ஒரு கோளாறும் உண்டு. 'இந்தியர்' என்ற பெட்டிக்குள் கம்பாலாக் குஜராத்தியும் சௌத்தால் பஞ்சாபியும் நேற்று வந்த கேரளத்துச் செவிலியரும் ஒன்றாகக் கிடக்கிறார்கள். வங்கதேசத்தவர் என்ற பெட்டியோ பெரும்பாலும் ஒரே ஒரு பகுதியின் கிராமத்து மக்களைக் கொண்டது. ஒரு நாட்டின் வணிகரையும் மருத்துவரையும் இன்னொரு நாட்டின் உழவரோடு ஒப்பிட்டுவிட்டு, அதற்குப் பண்பாட்டில் காரணம் தேடுபவர்களை நான் நம்புவதில்லை.

ஈலிங் ரோட்டுக் கடையின் சமையலறையே இதற்குச் சான்று. ரொட்லி இடும் பெண் டாமனைச் சேர்ந்தவர். 1961வரை டாமனும் டையூவும் போர்ச்சுகல் ஆட்சியில் இருந்ததால், அங்குள்ளோர் பலர் போர்த்துகீசியக் கடவுச்சீட்டு பெற்று, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலத்தில் விசா இல்லாமலே வெம்பிளிக்கும் லெஸ்டருக்கும் வந்தார்கள். அவர் பேசுவதும் குஜராத்தி. ஆனால் உரிமையாளர் ஹாரோவில் சொந்த வீட்டில் இருக்க, இவர் வாடகை அறையைப் பகிர்ந்துகொள்கிறார். பிரிக் லேன்காரர்களுக்கு அப்படியொரு கதவு திறந்ததே இல்லை. ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து சமையல்காரரை அழைத்துவர ஆண்டுக்கு 29,570 பவுண்டு சம்பளம் காட்ட வேண்டும் என்ற விதி 2016ல் இருந்தது. அந்த ஆண்டு வாக்கெடுப்புப் பிரசாரத்தில், ஒன்றியத்தை விட்டு விலகினால் கறிக் கடைகளுக்கு ஆள் கிடைக்கும் என்று அவர்களிடம் சொன்ன அமைச்சர் பிரீத்தி படேல். 1960களில் உகாண்டாவிலிருந்து வந்த குஜராத்திக் குடும்பத்தின் மகள். கடைக்காரர்கள் பலர் நம்பினார்கள், நம் பிரிக் லேன் உரிமையாளரும் நம்பி வாக்களித்திருக்கிறார். பின்னர் அதே அமைச்சர் உள்துறைக்கு வந்து புள்ளிமுறை விசாவைக் கொண்டுவந்தார், சமையல்காரர் வரவில்லை. இதைச் சொல்லும்போது பிரிக் லேன் உரிமையாளர் கோபப்படவில்லை, பில்லின் பின்புறத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

ஆயினும் இக்கடைகள் மூடப்படுவதற்கு விசா மட்டும் காரணமில்லை. இவருக்கு மூன்று பிள்ளைகள். ஒருவர் மருந்தாளுநர், ஒருவர் கணக்காளர், கடைசி மகள் சட்டம் படிக்கிறார். யாரும் இரவு இரண்டு மணிக்கு அண்டா கழுவ வரப்போவதில்லை, வரவேண்டும் என்று அவர் விரும்பவுமில்லை. 1997ல் இங்கிலாந்தின் 149 கல்வி நிர்வாகப் பகுதிகளில், பிரிக் லேன் அடங்கிய டவர் ஹாம்லெட்ஸ் 149வது இடத்தில் இருந்தது. பள்ளிகளில் பணமும் நல்ல ஆசிரியர்களும் சேர்ந்த பின் நிலை மாறியது; பத்தாண்டுக்கும் மேலாக வங்கதேசப் பிள்ளைகள் பதினாறு வயதுத் தேர்வில் வெள்ளைப் பிரிட்டிஷ் பிள்ளைகளின் சராசரியைத் தாண்டி வருகிறார்கள். அந்த மதிப்பெண் அதே அளவில் சம்பளமாக மாறவில்லை என்பதும் உண்மை, வீட்டு விலை ஏறிய பிறகே அவர்கள் படித்து முடித்தார்கள் என்பதும் உண்மை. ஹாரோ வீட்டைக் குஜராத்தி உரிமையாளரின் தந்தை 1979ல் வாங்கினார். பிரிக் லேன்காரர் இன்னும் மாநகராட்சிக் குடியிருப்பில் இருக்கிறார். அவருடைய மருந்தாளுநர் மகன், விலை கட்டாமல் எசெக்ஸ் பக்கம் வீடு தேடுகிறார்.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். ஈலிங் ரோட்டில் இருவருக்கு இரண்டு தாலியும் ஒரு மோகோவும் சேர்த்து 33 பவுண்டு ஆனது. வார நாட்களில் போனால் நிற்க வேண்டாம், மோகோவைக் காரம் குறைக்காமல் கேளுங்கள், ஸ்ரீகண்டுக்கு வயிற்றில் இடம் விடுங்கள். பிரிக் லேனில் இருவருக்கு 52 பவுண்டு, கறிகளுக்காக அந்தப் பணத்தை நான் மறுபடி கொடுக்கமாட்டேன். ஆனால் மாலை நான்கு மணிக்கு முன், கூட்டம் இல்லாத நாளில், தள்ளுபடியைப் பற்றிப் பேசாமல், பணியாளர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். இரண்டாம் முறை நான் அப்படிப் போனபோது சாத்கோரா தீர்ந்துவிட்டிருந்தது. கருவாட்டுக் குழம்பும் சோறும் கொடுத்தார்கள், அதற்கு எவ்வளவு கேட்பது என்று அவர்களுக்கே தெரியவில்லை.